தேர்ச்சி பெறும்வரை சிரிக்கக் கூடாதா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்):

எனக்கு வயது 28. தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். அப்பா விசைத்தறித் தொழிலாளி. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு 2022, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதினேன். 2024-இல் தமிழில் 91, பொது அறிவில் 55, திறனறிவில் 24 என 170 கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தும், என் பிரிவின் கட்-ஆஃபுக்கு மூன்று கேள்விகள் குறைந்து வாய்ப்பை இழந்தேன். அன்றிரவே, வேலை கிடைக்கும்வரை எந்த மகிழ்ச்சியும் எனக்கு வேண்டாம் என்று சபதம் எடுத்தேன். கோலம், பாட்டு, தோழிகள், கோயில் கொடை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நாளுக்கு 12 மணி நேரம் நூலகத்தில் படிக்கிறேன். நான்கு மணி நேரமே தூங்குகிறேன். காலையில் எழுந்ததும் ஊக்கப் பேச்சுகளைக் கேட்டு, ‘நான் இளநிலை உதவியாளர்’ என்று 108 முறை எழுதி, அலுவலக நாற்காலியில் அமர்ந்திருப்பதாகக் கண்மூடிக் கற்பனை செய்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் 2025-இல் முன்பைவிடக் குறைவாகவே எடுத்தேன். பாடம் படித்ததாகத்தான் இருக்கிறது, தேர்வு அறையில் நினைவுக்கு வருவதில்லை. எனக்குப் பொது அறிவே வராது போலிருக்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் படித்து, சினிமா, விசேஷம் எல்லாவற்றுக்கும் போய்வந்த தோழி 2024-இலேயே தேர்வாகிவிட்டாள். ‘உன் மைண்ட்செட் சரியில்லை’ என்கிறாள். எனக்கு எது குறைந்தது? முயற்சியா, மகிழ்ச்சியா, மனநிலையா? வரும் தை மாதம் சித்தி மகளுக்குத் திருமணம். அதற்கும் போகப் போவதில்லை.

உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குழம்பு சரியில்லை என்றால் உப்பு குறைந்ததா, புளி குறைந்ததா என்று பார்ப்பதைப் போல, மூன்றில் எது குறைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், இந்த மூன்றும் ஒன்றோடொன்று தவறாகப் பிணைந்துவிட்டன என்பதே எனக்குத் தெரிகிறது. வெற்றி வந்த பிறகுதான் மகிழ்ச்சி என்று ஒன்றைத் தள்ளிவைத்தீர்கள்; அந்த இழப்பை ஈடுகட்ட முயற்சியின் நேரத்தைக் கூட்டினீர்கள்; இரண்டும் பலன் தராதபோது உங்கள் மனத்தின் மீதே பழி போட்டுக்கொள்கிறீர்கள். இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால், முதலில் 2024-இல் என்ன நடந்தது என்பதைக் கணக்காகப் பார்க்க வேண்டும். நீங்கள் கணிதம் படித்தவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு அறிவிக்கை வெளியானபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எழுதியவர்கள் ஏறத்தாழ 15.9 லட்சம் பேர். பின்னர் இடங்கள் 9,000-ஐத் தாண்டிய பிறகும், ஓர் இடத்துக்கு 160 பேருக்கு மேல் போட்டியிட்டார்கள் என்றே கணக்கு வருகிறது. இப்படிப்பட்ட தேர்வில் 200-க்கு 170 எடுப்பது உழைப்பில்லாமல் நடக்காது. கட்-ஆஃப் கோட்டின் இரு பக்கத்திலும் ஒன்றிரண்டு கேள்வி இடைவெளியில் பெருங்கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது. அங்கே மூன்று கேள்விகள் என்பது எந்தப் பாடத்திலிருந்து எந்தக் கேள்வி வந்தது, ஐயமிருந்த நான்கு கேள்விகளில் எந்த விடையை நிழலிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. 2025-இல் அறிவிக்கையில் இருந்த இடங்கள் 3,935 மட்டுமே. எழுதியவர்களோ 11 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு உங்கள் மதிப்பெண் குறைந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு; அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் 2024-இன் அதே 170-ஐ நீங்கள் மறுபடியும் எடுத்திருந்தாலும், வாசல் அவ்வளவு குறுகியிருந்த ஆண்டில் முடிவு வேறாகியிருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

முயற்சி வீண் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. முயற்சி உங்களை அந்தக் கோட்டின் அருகே கொண்டுவந்து நிறுத்தியது. அதைச் செய்ய வேறெதனாலும் முடியாது. கோட்டுக்கு அருகே வந்த பிறகு நடப்பதில் இடங்களின் எண்ணிக்கைக்கும், வினாத்தாளுக்கும், தற்செயலுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கையும் உங்கள் குற்றக் கணக்கில் எழுதிக்கொண்டதுதான் அன்றிரவு நீங்கள் எடுத்த சபதம். ஒரு தண்டனையை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொண்டு, அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

அந்தச் சபதத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வேலை கிடைத்தால் மகிழ்ச்சி முழுதாக வரும், கிடைக்காவிட்டால் வாழ்க்கையே இருண்டுவிடும் என்பது. மனிதர்கள் தங்கள் வருங்கால உணர்ச்சிகளைக் கணிப்பதில் எவ்வளவு தவறுகிறோம் என்பதை டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணி நிரந்தரத்துக்காகக் காத்திருந்த ஆசிரியர்கள், அது கிடைத்தால் பல ஆண்டுகள் மிகுந்த மகிழ்ச்சியோடும் கிடைக்காவிட்டால் பெருந்துயரத்தோடும் இருப்போம் என்று கணித்தார்கள். ஏற்கெனவே நிரந்தரம் பெற்றவர்களையும் மறுக்கப்பட்டவர்களையும் கேட்டபோது, இரு சாராரின் மகிழ்ச்சிக்கும் இடையே அந்தக் கணிப்பில் இருந்த பெரிய வேறுபாடு காணப்படவில்லை. உங்கள் வீட்டு நிலையில் மாதச் சம்பளம் எவ்வளவு பெரிய மாற்றம் என்பது எனக்குத் தெரியும். வறுமை நீங்குவது உண்மையான நிம்மதிதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆணை கையில் வந்த நாளில், இரண்டு மூன்று ஆண்டுகளாக அடைத்துவைத்த மகிழ்ச்சி எல்லாம் வட்டியோடு திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிரிக்கப் பழகிய மனம்தான் அன்றைக்கும் சிரிக்கும்.

இதற்கு மறுபக்கமும் ஆராயப்பட்டிருக்கிறது. சோன்யா லுபோமிர்ஸ்கி, லாரா கிங், எட் டீனர் ஆகிய உளவியலாளர்கள் 2005-இல், 2.75 லட்சம் பேரை உள்ளடக்கிய 225 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெற்றி மகிழ்ச்சியைத் தருவது மட்டுமன்றி, மகிழ்ச்சியான மனநிலையும் பல வேளைகளில் வெற்றிக்கு முன்னோடியாக வருகிறது என்பது அவர்கள் எட்டிய முடிவு. இதை உங்கள் தோழி புரிந்துகொண்ட விதத்தில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சினிமாவுக்குப் போனதால் தேர்வாகவில்லை. சினிமாவுக்குப் போய், உறவினர் வீட்டில் சிரித்துப் பேசி, நன்றாகத் தூங்கி எழுந்து வந்து படித்த ஐந்து மணி நேரத்தில் அவருடைய மனம் புத்தகத்திலேயே இருந்திருக்கக்கூடும். உங்கள் 12 மணி நேரத்தில், குற்றவுணர்வும் பயமும் தூக்கமும் எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொண்டன என்பதை ஒரு வாரம் நேர்மையாகக் குறித்துப் பாருங்கள். தூங்கும்போதுதான் பகலில் படித்தது நினைவில் படிகிறது. நான்கு மணி நேரத் தூக்கத்தில் அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. தேர்வு அறையில் நினைவுக்கு வரவில்லை என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே ஒரு பெருங்காரணமாக இருக்கலாம்.

காலையில் நீங்கள் செய்யும் கற்பனைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது உங்களுக்கு நல்லது செய்யவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் கேப்ரியேல ஓட்டிங்கன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். பட்டப்படிப்பு முடித்து வேலை தேடியவர்களில், வேலை கிடைத்துவிட்டதுபோல இனிய கற்பனையில் அதிகம் மூழ்கியவர்கள், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள், அவர்களுக்குக் குறைவான வாய்ப்புகளே வந்திருந்தன, சம்பளமும் குறைவாக இருந்தது என்று 2002-இல் வெளியான அவரது ஆய்வு கண்டது. நாற்காலியில் அமர்ந்துவிட்டதாக மனம் ஒருமுறை அனுபவித்துவிட்டால், அதை அடைவதற்கான உடனடி உந்துதல் தளர்கிறது என்பது அவர் தரும் விளக்கம். விரும்பும் முடிவை ஒரு நிமிடம் நினைத்துவிட்டு, அதற்குக் குறுக்கே இன்று நிற்கும் தடை எது என்பதை உடனே எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் பரிந்துரைக்கும் வழி. ஆகவே 108 முறை எழுதும் நேரத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘இன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தூக்கம் வந்தால், எழுந்து முகம் கழுவிவிட்டு இருபது கேள்விகளுக்கு விடை எழுதுவேன்.’ எப்போது, எங்கே, என்ன வந்தால் என்ன செய்வேன் என்று இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது, பொதுவான உறுதிமொழியைவிட நன்றாகச் செயல்படுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இனி முயற்சிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவனிக்க வைத்தது இந்தப் பகுதிதான். எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் படிக்கிறீர்கள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களைப் பற்றி ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வை, நேரத்தைக் கூட்டச் சொல்வதற்காகவே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வில் மிகச் சிறந்த மாணவர்கள் தனியாக அமர்ந்து செய்த கடும்பயிற்சி நாளுக்குச் சராசரியாக மூன்றரை மணி நேரம் என்பதையும், அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடையில் ஓய்வெடுத்தார்கள் என்பதையும், பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. மனத்தை முழுமையாகக் கொடுத்துச் செய்யும் வேலையை 12 மணி நேரம் செய்ய மனித உடலால் முடியாது. 12 மணி நேரம் செய்ய முடிகிறது என்றால், அது பெரும்பாலும் எளிமையான வேலையாக, அதாவது மறுபடியும் மறுபடியும் வாசிப்பதாகவும் அடிக்கோடிடுவதாகவும் இருக்கிறது.

வாசிப்பது ஏன் ஏமாற்றுகிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் மிகத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்களும், ஒரு முறை மட்டும் வாசித்துவிட்டு மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் சோதிக்கப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து, நான்கு முறை வாசித்தவர்கள் 83 சதவீதத்தையும் மற்றவர்கள் 71 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களிடம் 40 சதவீதமே எஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் இருந்தது. நூலகத்தை விட்டுக் கிளம்பும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், தேர்வு அறையில் கைவிடுவதும் ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. திறனறிவில் நீங்கள் 25-க்கு 24 எடுத்ததற்கும் இதே காரணம்தான் என்று நினைக்கிறேன். கணக்கை யாரும் வாசித்துப் படிப்பதில்லை. போட்டுப் பார்த்துத்தான் படிக்கிறோம். அந்தப் பழக்கத்தை அப்படியே பொது அறிவுக்குக் கொண்டுவாருங்கள். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் ஒரு பாடத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை அதே பாடத்தை வெறுந்தாளிலிருந்து தொடங்குங்கள். இது கடினமாக இருக்கும், மறந்ததெல்லாம் முகத்தில் அடித்தாற்போல் தெரியும். அதைத் தாங்கிக்கொள்வதற்குத்தான் மனநிலை தேவைப்படுகிறது.

மைண்ட்செட், அதாவது மனப்பாங்கு என்ற சொல்லை இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். கரோல் டுவெக் என்ற உளவியலாளரின் ஆய்வுகளிலிருந்து பரவிய கருத்து அது. திறமை பிறவியிலேயே அளந்து தரப்பட்டது என்று நம்புகிறவருக்குத் தோல்வி ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. திறமை வளரக்கூடியது என்று நம்புகிறவருக்கு அது ஒரு தகவலாக இருக்கிறது என்பது அதன் சாரம். 1998-இல் கிளாடியா முல்லரும் அவரும் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஆனாலும் இந்த மனப்பாங்கை மந்திரம்போலக் கருத வேண்டாம். அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வில், மனப்பாங்கை மாற்றும் குறுகிய பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்தியது உண்மை; அந்த உயர்வு சிறிது என்பதும் உண்மை. மனப்பாங்கு மட்டுமே மதிப்பெண் வாங்கித் தராது, அது ஒருவரைத் தம் பிழைகளின் அருகே கொண்டுபோய் உட்கார வைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால், தோற்ற பிறகு ‘என் மனம்தான் சரியில்லை’ என்று இன்னொரு பழிக்கு இடம் கொடுத்துவிடுவோம்.

‘எனக்குப் பொது அறிவே வராது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தை ‘வரும், வரும்’ என்று மாற்றச் சொல்ல மாட்டேன். நீங்களே அதை நம்ப மாட்டீர்கள். 75-இல் 55 சரி என்றால் 20 கேள்விகள் தவறின. அந்த 20 எவை என்பதுதான் இப்போது நமக்கு வேண்டும். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எழுதிப் பார்த்து, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் மூன்று வகையாகப் பிரியுங்கள்: படிக்கவே இல்லை, படித்தும் நினைவுக்கு வரவில்லை, தெரிந்தும் அவசரத்தில் தவறாக நிழலிட்டேன். முதல் வகைக்குப் பாடத்திட்டத்தில் விட்ட இடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு நான் மேலே சொன்ன வெள்ளைத்தாள். மூன்றாவதற்குப் போதிய தூக்கமும், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வும். உங்களுக்கு வேண்டியிருந்தவை மூன்று கேள்விகள். அவை இந்த மூன்றாம் வகைக்குள்ளேயே இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

பிழை நோட்டைத் திறக்கும்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். கலிபோர்னியாவில் பிரைன்ஸ், சென் என்ற இருவர் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனையில், கடினமான சொல்தேர்வு ஒன்றில் தடுமாறிய மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், தடுமாறுவது எல்லோருக்கும் நேர்வதுதான், உங்களிடம் கடுமையாக நடந்துகொள்ளாதீர்கள் என்று கனிவாகச் சொல்லப்பட்டது. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் அவர்களே. தன்னிடம் கனிவு காட்டினால் சோம்பல் வந்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு பயம் உண்டு. நானும் அந்தப் பயத்தோடு வளர்ந்தவள்தான். இத்தனை ஆண்டுகள் தேர்வெழுதும் பிள்ளைகளோடு பேசிய பிறகு, திட்டு வாங்கிய மனம் படிப்பைவிட்டு ஒளிந்துகொள்ளவே பார்க்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு முடிவையும் நீங்கள் இப்போதே எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: இந்தத் தேர்வுக்கு இன்னும் எத்தனை முறை? அதை முடிவு வந்த இரவில், கண்ணீரோடு தீர்மானிக்கக் கூடாது. அம்மா அப்பாவோடு அமைதியாக உட்கார்ந்து, வயது வரம்பையும் வீட்டு வரவுசெலவையும் பார்த்து, ஒன்றோ இரண்டோ என்று எண்ணை எழுதிவையுங்கள். அதுவரை மாலையில் இரண்டு மணி நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கலாமே. கையில் சிறிது பணம் வரும். ஒரு பிள்ளைக்கு இயற்கணிதம் புரிந்துவிட்ட நாளில், தேர்வாணையத்தின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வெற்றி உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடைக்கும். தட்டச்சு கற்றிருக்கவில்லை என்றால் அதையும் தொடங்கலாம். உரிய தேர்ச்சி பெற்றால் தட்டச்சர் பணியிடங்களுக்கும் நீங்கள் தகுதி பெறுவீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்போடு சொல்கிறேன். தூக்கத்தை ஏழு மணி நேரமாக்கி, சபதத்தைக் கைவிட்டு, இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, பசியும் தூக்கமும் திரும்பாவிட்டாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலோகூட, அதைப் படிப்புச் சோர்வு என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். அந்த எண்ணம் வந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அழையுங்கள், அம்மாவிடமும் சொல்லுங்கள்.

தை மாதத் திருமணத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். ‘வேலை என்னாச்சு?’ என்று நாலு பேர் கேட்பார்கள். ‘படிச்சிட்டு இருக்கேன், அடுத்த தேர்வு எழுதுறேன்’ என்ற பதிலை இப்போதே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. பிழை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மணவீட்டு வாசலில் கோலம் போட ஆள் தேடுவார்கள். மாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.